தேயிலை மலையும் வேங்கைக் காடும்

நம் நாட்டு அரசுச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு புலிகள். நம் தேசியக் காற்பந்துக் குழுவின் பெயர் 'ஹாரிமாவ் மலாயா'. இப்படிப் புலியைப் பெருமைக்குரிய அடையாளமாகக் கொண்ட நாட்டில், காட்டில் உயிரோடு உலவும் புலிகள் எத்தனை? 2016 முதல் 2020 வரை நடத்தப்பட்ட முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பு, 150க்கும் குறைவு என மதிப்பிட்டது. பல்கலைக்கழகத்தின் பெரிய விரிவுரை மண்டபம் ஒன்றில் அமரும் மாணவர்களைவிட இது குறைவான தொகை.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,682 புலிகள். அவற்றுள் 306 தமிழ்நாட்டில். நேப்பாளத்தில் அதே ஆண்டில் 355. அந்நாடுகளில் புலிகள் பெருகுகின்றன. ஆகவே மனிதரோடும் மாடுகளோடும் மோதலும் கூடுகிறது என்றால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால், மலேசியாவில் புலிகள் குறைந்துகொண்டே வருகின்றன. அப்படியிருந்தும் அவை மனிதரைத் தாக்கிய செய்திகள் அண்மைய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தன. குறையும் விலங்கு ஏன் ஊருக்குள் வருகிறது? இந்தப் புதிரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எனவே இதை விலங்கியல் செய்தியாக மட்டும் எழுத என்னால் இயலவில்லை. காட்டோரத்தில் வாழும் எளிய மனிதரின் வாழ்வும் இதனோடு பிணைந்திருக்கிறது.

காட்டுக்குள் ஒரு பச்சைக் கம்பளம்

பகாங் மாநிலத்தின் மேற்கு மூலையில், தித்திவங்சா மலைத்தொடரின் மீது அமைந்துள்ளது கேமரன் மலை. 1885இல் இம்மேட்டு நிலத்தை அளவிட வந்த வில்லியம் கேமரனின் பெயரே இதற்கு நிலைத்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது. 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் உருவானது. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களிலும், பின்னர் கொழுந்து கிள்ளியவர்களிலும் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர்கள்.

சுற்றுலாப் பயணிக்குத் தேயிலை மலை ஒரு பச்சைக் கம்பளம். ஆனால் அந்தக் கம்பளத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசி நிரைக்கு அப்பால் பத்தடியில் மலைக்காடு தொடங்கிவிடும். அக்காடு பேராக்கையும் கிளந்தானையும் பகாங்கையும் இணைக்கும் பெருங்காட்டின் ஒரு பகுதி. அங்கே நமக்கும் முன்னரே செமாய், தெமியார் பூர்வக்குடி மக்கள் வாழ்ந்தார்கள். புலியும் கருஞ்சிறுத்தையும் செந்நாயும் அங்கேதான் வாழ்ந்தன.

1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன் தானா ராத்தா அருகில் உலாவச் சென்றவர் திரும்பவேயில்லை. அவரைப் பற்றி உலவிய பல ஊகங்களில் 'புலி அடித்துவிட்டது' என்பதும் ஒன்று. அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. எனினும், அப்படி ஓர் ஊகம் எழுந்ததே இம்மலை எத்தகைய இடம் என்பதைக் காட்டுகிறது.

எங்கள் தோட்டத்துக்கு வந்த விருந்தாளி

தோட்டத்தில் எங்களுக்கு அறிமுகமான விலங்கு புலியன்று, கருஞ்சிறுத்தை. மலாய்க்காரர்கள் அதை 'ஹாரிமாவ் கும்பாங்' என்பர். இந்தியாவில் கறுப்புச் சிறுத்தை அரிது; மலாயாத் தீபகற்பத்திலோ ஏறத்தாழ எல்லாச் சிறுத்தைகளும் கறுப்புதான். கிரா பூசந்திக்குத் தெற்கே கானகக் கேமராவில் பதிவான சிறுத்தைப் படங்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. உண்மையில் அதன் உடலிலும் புள்ளிகள் உண்டு. அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தால் அவை தெரியும். அந்தப் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொரு சிறுத்தையையும் தனித்தனியே அடையாளம் காணும் முறையைத் திரங்கானுக் காடுகளில் ஆய்வாளர்கள் கையாண்டுள்ளனர்.

என் பள்ளிப் பருவத்தில் லயத்தில் பல வீடுகளில் ஆடு இருந்தது; சில வீடுகளில் மாடும் இருந்தது. சம்பளம் வீட்டுச் செலவுக்கு. ஆட்டுக்குட்டி விற்ற பணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆடுகள் போயின. கொட்டகை என்பது நான்கு கம்பும் பழைய தகரமும்தான். மூன்றாம் நாள் காலையில், ஓடையோரம் பாதி தின்றபடி கிடந்த ஆட்டைக் கண்டுபிடித்தார்கள்.

"பெரியப்பா, காய்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்து இருக்கு. இதுமேல ஊத்தி வெச்சா இன்னிக்கு ராத்திரியே கதை முடிஞ்சிரும்," என்றார் ஆட்டுக்காரர் என் தாத்தாவிடம்.

"மருந்து வெச்சா மொதல்ல நம்ம நாய் சாவும் தம்பி. அப்புறம் காக்கா. மழை பெஞ்சா ஓடைத் தண்ணி. அந்தத் தண்ணிய கீழ யாரு குடிக்கிறா? ஆடு போன வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும். கொட்டாயை மொதல்ல சரிபண்ணு," என்றார் தாத்தா.

அன்று மாலையே நான்கைந்து பேர் சேர்ந்து, தரையிலிருந்து உயர்த்திப் பலகை அடித்து, மேலும் பக்கமும் கம்பிவலை போட்டு ஒரு கொட்டகை கட்டினார்கள். அதன்பின் அந்த வீட்டில் ஆடு போகவில்லை. ஆனால், இழந்த இரண்டு ஆடுகளுக்கு யாரும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தடுக்க வழி உண்டு என்பது ஒன்று. இழப்பை ஏழையே சுமக்கிறான் என்பது மற்றொன்று.

ஏன் வருகின்றன?

புலிக்கு ஏறத்தாழ வாரத்திற்கு ஒரு பெரிய இரை தேவை. நம் காடுகளில் அதன் முதன்மை உணவு கடமான், காட்டுப்பன்றி, கேளையாடு ஆகியவை. மாடும் மனிதனும் அதன் இயல்பான உணவுப் பட்டியலில் இல்லை. பெரும்பாலான புலிகள் மனித வாடை பட்டாலே விலகிச் செல்லும். அந்த இயல்பு மாறுவதற்கு நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, இரை குறைந்தது. கடமான் இறைச்சிக்காகப் பல்லாண்டுகளாக வேட்டையாடப்பட்டு, பல காடுகளில் அரிதாகிவிட்டது. புலிக்கு எஞ்சிய பேருணவு காட்டுப்பன்றி. 2021இல் மலேசியாவில் உறுதிசெய்யப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பண்ணைப் பன்றிகளோடு நிற்காமல் காட்டுப்பன்றிகளையும் தாக்கியது. இரை குறைந்த காட்டில் பசித்த புலி எல்லை தாண்டுவது இயற்கையே. அங்கே கயிறின்றி மேயும் மாடு, கடமானைவிட எளிதில் அகப்படும் இரை.

இரண்டாவது, கம்பிக் கண்ணி. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி போன்ற மலிவான பொருளால் செய்யப்படும் இக்கண்ணிக்கு எந்த விலங்கு என்ற வேறுபாடு தெரியாது. பன்றிக்கு வைத்தது புலியின் காலையும் இறுக்கும். 2009 அக்டோபரில், பேராக்கின் வடக்கே கண்ணியில் சிக்கிய ஓர் ஆண்புலி மீட்கப்பட்டு மலாக்கா விலங்குத் தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. காயமடைந்த முன்னங்காலை அகற்றியும் அது பிழைக்கவில்லை. கண்ணியிலிருந்து தப்பிப் பிழைக்கும் புலியின் நிலை என்ன? ஊனமான காலோடு கடமானைத் துரத்த முடியாது. மெதுவாக நகரும் எதையும் அது பிடித்தாக வேண்டும்.

மூன்றாவது, நோய். 2019 ஜூலையில் திரங்கானுவின் டுங்குன் மாவட்டத்தில், கம்போங் பெசூல் என்னும் ஊருக்குள் ஒரு புலி பகலில் அச்சமின்றி நடமாடியது. மக்கள் அதைக் கைப்பேசியில் படமெடுத்தார்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதைப் பிடித்துப் பேராக், சுங்கையில் உள்ள தேசிய வனவிலங்கு மீட்பு மையத்திற்குக் கொண்டு சென்றது. 'அவாங் பெசூல்' என்று பெயரிடப்பட்ட அப்புலி சில நாள்களில் இறந்தது. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் கிருமி அதன் உடலில் இருந்தது கண்டறியப்பட்டது. மூளையைத் தாக்கும் இந்நோய் விலங்கின் இயல்பான அச்சத்தை அழித்துவிடும். தடுப்பூசி போடப்படாத ஊர் நாய்க்கும் காட்டுப் புலிக்கும் உள்ள தொடர்பை இந்நிகழ்வு உணர்த்தியது.

நான்காவது, துண்டாடப்பட்ட காடு. ஈப்போவின் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா, லோஜிங் வழியாகக் குவா மூசாங் செல்லும் நெடுஞ்சாலை இம்மலைத்தொடரைக் குறுக்கே வெட்டுகிறது. சாலை வந்த இடத்தில் காய்கறித் தோட்டங்கள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து வேட்டைக்காரனுக்கும் வழி திறந்தது. வளர்ந்த இளம்புலி தாயைப் பிரிந்து புது இடம் தேடும்போது, முன்பு காடாக இருந்த இடத்தில் இப்போது தோட்டமும் தொழிலாளர் குடிசையும் இருக்கின்றன.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. புலி பெருகியதால் நம்மிடம் வரவில்லை. அதன் காடு வெறுமையானதால் வருகிறது. ஆக, மலேசியாவில் புலித் தாக்குதல் என்பது காட்டின் நோய்க்குறி.

கேமரன் மலைக்கு அடுத்த காட்டில்

கிளந்தானின் குவா மூசாங் பகுதி, கேமரன் மலையின் வடகிழக்கே உள்ளது. அங்கே 2022 ஜனவரியில் ஒரு பூர்வக்குடி முதியவர் புலியால் கொல்லப்பட்டார். அப்புலி பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டது. 2023ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அதே வட்டாரத்தில் மேலும் சிலர் உயிரிழந்தனர். அவர்களுள் தோட்ட வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தனர்.

இத்தகைய செய்தி வந்தவுடன், "புலியைப் பிடித்து வேறிடத்தில் விட்டுவிடலாமே" என்று பலரும் கூறுவர். கேட்க எளிதாக இருக்கும் இவ்வழி எப்போதும் பயன் தருவதில்லை. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் ஜுன்னார் பகுதியில், 2000களின் தொடக்கத்தில் பல சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டனர். விடப்பட்ட இடங்களைச் சுற்றி மனிதர் மீதான தாக்குதல்கள் பெருமளவு கூடியதை வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வு காட்டியது. தெரியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு தன் பழைய இடத்தை நோக்கி நடக்கிறது. வழியில் ஊர்களைக் கடக்கிறது. காலியான இடத்திற்கோ வேறொரு சிறுத்தை வந்துவிடுகிறது.

வால்பாறையும் பந்தலூரும்

தேயிலையும் தமிழ்த் தொழிலாளியும் காட்டு விலங்கும் ஒன்றாக இருக்கும் இடம் கேமரன் மலை மட்டுமன்று. கோவை மாவட்டத்தின் வால்பாறை, ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்த தேயிலைப் பீடபூமி. அங்கே செடிக்கு இடையே சிறுத்தை மறைந்திருப்பது அன்றாடச் செய்தி. 2025 ஜூனில் அங்குள்ள ஒரு தோட்டத்தில், ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த குடும்பத்தின் சிறுமியைச் சிறுத்தை கவ்விச் சென்றது. 2024 ஜனவரியில் நீலகிரியின் பந்தலூர் அருகே சிறுத்தைக்குப் பலியான மூன்று வயதுக் குழந்தையும் ஜார்க்கண்ட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைதான்.

இலங்கை மலையகத்திலும் இதே நிலைதான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் உள்ள லக்சபான தோட்டத்தில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கியது. மீட்கப்பட்டும் சில நாள்களில் இறந்தது. அங்கும் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கண்ணியே சிறுத்தைக்கு எமனாகிறது.

இச்செய்திகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒன்று என் மனத்தை உறுத்தியது. பந்தலூரில் ஜார்க்கண்ட் குழந்தை, வால்பாறையில் ஜார்க்கண்ட் சிறுமி, குவா மூசாங்கில் வெளிநாட்டுத் தொழிலாளர். நம் மக்கள் தோட்டத்தை விட்டு நகரத்திற்குச் சென்றனர், படித்து முன்னேறினர், நானும் அவர்களில் ஒருவன். கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். லயத்தில் ஆள் மாறியபோது, மூன்று தலைமுறையாகச் சேர்ந்த காட்டறிவு புதியவர் கைக்கு மாறவில்லை. பொழுது சாய்ந்தபின் ஓடைப்பக்கம் போகக்கூடாது, தனியே புதர் ஓரம் குந்தக்கூடாது, நாய் திடீரென்று வீட்டுக்குள் ஓடிவந்தால் கதவைச் சாத்த வேண்டும் என்பவற்றையெல்லாம் எங்களுக்குப் பாட்டிமார் சொல்லித் தந்தனர். புதிதாக வந்தவருக்கு அவருடைய மொழியில் யார் சொல்வது?

பூர்வக்குடி மக்களிடம் இவ்வறிவு இன்றும் உள்ளது. துணிவும் உள்ளது. 2011 பிப்ரவரியில் பேராக் காட்டில் கணவரைப் புலி தாக்கியபோது, பூர்வக்குடிப் பெண்மணி ஒருவர் சமையல் அகப்பையால் அதை அடித்து விரட்டி அவரைக் காப்பாற்றினார். உலக நாளிதழ்கள் அதை வியந்து எழுதின. ஆனால், அக்குடும்பங்கள் ஏன் அகப்பையோடு புலியை எதிர்கொள்ளும் நிலையில் உள்ளன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

என்ன செய்யலாம்?

அரசு சில நடவடிக்கைகளை எடுத்துள்ளது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, மிகக் கடுமையான குற்றங்களுக்கு 10 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்க வழிசெய்தது. 2023இல் பகாங் மாநிலம், தாமான் நெகாராவை ஒட்டி 1,30,000 ஹெக்டருக்கும் அதிகமான காட்டை அல்-சுல்தான் அப்துல்லா அரச புலிகள் காப்பகமாக ஒதுக்கியது. கண்ணிகளைத் தேடி அகற்றும் சுற்றுக்காவலில் பூர்வக்குடி இளைஞர்களும் ஈடுபடுத்தப்படுகிறார்கள். இவை வரவேற்கத்தக்கவை.

காப்பகத்திற்கு வெளியே, தோட்டத்து ஓரத்தில் செய்ய வேண்டியவையும் உள்ளன. அவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

1. இரவில் கால்நடையை உறுதியான கொட்டிலில் அடைத்தல். கிளந்தானின் ஜெலியில் ரப்பர்த் தோட்டங்களில் மாடுகளைப் புலி அடித்து வந்தபோது, உலக இயற்கை நிதியத்தின் மலேசியக் கிளை வலியுறுத்திய முதன்மை வழி இதுவே. பகலிலும் காட்டோரத்தில் ஆளின்றி மேயவிடக் கூடாது.

2. லயத்தைச் சுற்றிக் குப்பையை அகற்றுதல். குப்பை இருந்தால் நாயும் பன்றியும் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் காட்டுக்கும் நன்மை.

3. வீட்டருகே கழிப்பறையும் விளக்கும் அமைத்தல். இருளில் புதரோரம் செல்லும் தேவையே இல்லாமல் செய்வது தோட்ட நிருவாகத்தின் கடமை.

4. அடிபட்ட மாட்டைத் தொடாமல் பெர்ஹிலித்தானுக்குத் தெரிவித்தல். புலி பெரும்பாலும் தொண்டையைக் கவ்விக் கொன்று பின்புறத்திலிருந்து தின்னத் தொடங்கும். நாய்க்கூட்டம் கடித்திருந்தால் கால்களில் பல காயங்கள் இருக்கும். எது அடித்தது என்று தெரிந்தால்தான் எதைச் செய்வது என்று தெரியும். நஞ்சு வைப்பது சட்டப்படி குற்றம், ஓடையையும் கெடுக்கும்.

5. எச்சரிக்கைச் செய்தி பரப்புதல். வால்பாறையில் யானை நடமாட்டத்தை உள்ளூர்த் தொலைக்காட்சி, குறுஞ்செய்தி, சிவப்பு விளக்கு ஆகியவற்றின் வழி அறிவிக்கும் முறையை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் உருவாக்கினர். அதற்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. விலங்கை விரட்டாமல், அது எங்கே இருக்கிறது என்று மக்களுக்குச் சொல்வதே அதன் அடிப்படை. புலிக்கும் சிறுத்தைக்கும் இதைப் பயன்படுத்த இயலும்.

6. இழப்புக்கு ஈடு. தமிழ்நாட்டில் வனவிலங்கால் மனிதரோ கால்நடையோ இறந்தால் அரசு இழப்பீடு தருகிறது. அதில் தாமதம் முதலிய குறைகள் உண்டு. இருப்பினும் கொள்கை சரியானது. புலி நாட்டின் செல்வம் என்றால், அது தின்ற மாட்டின் விலையை மாட்டுக்காரர் மட்டும் சுமப்பது நியாயமன்று.

நம் மரபு சொல்வது

தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியிலும் அதைச் சுற்றியும் 'புலிக்குத்திக் கல்' என்னும் நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆநிரையைக் காக்கப் புலியோடு போரிட்டு மாண்ட வீரனுக்கு ஊரார் நட்ட கல் அது. ஒரு கையால் புலியைக் குத்தும் வீரனின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கும். மாட்டைக் காத்தவனின் தியாகத்தை ஊர் பொதுச் சொத்தாக ஏற்று வணங்கியது. அவன் குடும்பத்தின் தனித்துயரம் என்று அதை ஒதுக்கிவிடவில்லை. இன்று நமக்குத் தேவை அந்த மனப்பான்மை. அன்று காக்க வேண்டியிருந்தது ஆநிரை மட்டும். இன்று ஆநிரையோடு புலியையும் காக்க வேண்டியுள்ளது.

மாணவ நண்பர்களே, நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டியின் தோட்டம் ஒன்று இருக்கிறது. விடுமுறையில் செல்லும்போது அங்குள்ள மூத்தவர்களிடம் காட்டைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். அதை மலாயிலும், இயன்றால் வங்காளத்திலும் நேப்பாளியிலும் ஒரு பக்கத் துண்டறிக்கையாக்கி லயங்களில் கொடுப்பது ஒரு மாணவர் சங்கத்தால் செய்யக்கூடிய பணிதான். நம் பாட்டிமாரின் அறிவு, இன்று அதே லயத்தில் அதே காட்டோரத்தில் உறங்கும் இன்னொரு நாட்டுப் பிள்ளையைக் காப்பாற்றட்டும்.